ஆரத்திக்கு நின்ற கார்

அந்தப் போட்டோ கவருக்குள்ளயே இருக்கட்டும் தம்பி. அப்புறம் பார்க்கலாம். என் கண்ணாடி உள்ள இருக்கு, எந்திரிச்சுப் போய் எடுக்கணும். முதல்ல காபியைக் குடிங்க. நானே போட்டது, கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும். ஒண்டி ஆளு வீட்டுல வேற என்ன கிடைக்கும்?

தாயுமானவன் பையன்! வாசல்ல நின்னு நீங்க பேரைச் சொன்னதும் எனக்கு உங்க அப்பாவே சைக்கிளை நிறுத்திட்டு வந்து நிக்கறாருன்னு... சரி, விடுங்க. எப்பப் போனாரு? மார்கழியிலயா? நான் கேள்விப்படலை. யார் வந்து எனக்குச் சொல்றாங்க?

நீங்க ரெண்டு கேள்வியை ஒரே மூச்சுல கேட்டுட்டீங்க. வண்டி இன்னும் இருக்கா, விலைக்குக் கொடுப்பீங்களான்னு ஒண்ணு. போட்டோவுல ஆரத்தித் தட்டோட நிக்கற அம்மா யாருன்னு ஒண்ணு. வண்டி இருக்கு. அதோ, அந்தப் புகையிலை குடோன் கதவுக்குப் பின்னாடி. அந்த அம்மா என் தங்கச்சி. குங்குமவல்லி. எங்க உறையூர்ல தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பேரு இருக்கும், அம்மன் பேரு. வீட்டுல வல்லி. ரெண்டு வருஷம் ஆச்சு, போயிட்டா.

அந்தப் படத்தை உங்க அப்பா கல்யாண ஆல்பத்துல ஒட்டாம பீரோவுல தனியா வச்சிருந்தாருன்னு சொன்னீங்க இல்ல? அதுக்கு நான் என்ன பண்ண முடியும். அவரவர் இஷ்டம்.

வண்டிக் கதையைச் சொல்றேன், கேளுங்க. எங்க அப்பா சுருட்டு வியாபாரம். பொன்னுரங்கம் சுருட்டுன்னா அப்ப கப்பல் ஏறிப் போகும். அறுபத்தெட்டுல, இந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை கட்டறதுக்கு வந்திருந்த அமெரிக்கக்காரர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பினாரு. வண்டியை விட்டுட்டுப் போறாருன்னு கேள்விப்பட்டு அப்பா போய் வாங்கிட்டாரு. அறுபத்திநாலாம் வருஷத்து இம்பாலா. வான நீலம். ஒரு விசையை இழுத்தா மேல இருக்கிற டாப்பு தானா மடிஞ்சு பின்னாடி போய்ப் படுத்துக்கும். நம்ம வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங் வலது பக்கம், இதுக்கு இடது பக்கம். அதாவது ஓட்டறவன் தெரு ஓரமா, வீட்டு வாசல்களை ஒட்டி உட்கார்ந்திருப்பான். இதை ஞாபகம் வச்சுக்கங்க.

வண்டி வந்த அன்னிக்கு நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, பூசணிக்காய் உடைச்சு, தெருவே கூடி நிக்குது. அப்பா வல்லியைக் கூப்பிட்டுப் பின் சீட்டுல உட்கார வச்சாரு. அவளுக்குப் பதினாறு வயசு. எல்லார் முன்னாடியும் சொன்னாரு, "இது என் பொண்ணுக்குச் சீரு. இவளைக் கட்டிக்கிறவன் இதுலயே கூட்டிட்டுப் போகட்டும். வண்டி அவ வீட்டுலயே இருக்கட்டும்." தெருவே கை தட்டுச்சு. நானும்தான் தட்டினேன். எனக்கு இருபது வயசு. வண்டியை அங்கேருந்து ஓட்டிட்டு வந்தவன் நான். சாவி என் சட்டைப் பையில இருந்துச்சு.

பார்த்துக்கிட்டது முழுக்க நான். இதைச் சொல்லியே ஆகணும். தொடைக்கறதுக்கு அப்பாவோட பழைய மல்லு வேட்டி, வேற துணி மேல படக் கூடாது. மழைத் தண்ணியில ஓட்ட மாட்டேன். அவ பின்னாடி உட்கார்ந்து "அண்ணே, கல்லணை போலாம், அண்ணே, முக்கொம்பு போலாம்"பா. போவோம். அவ எப்பவும் என் முதுகுக்குப் பின்னாடி, இடது ஓரம். மேல இருக்கிற கண்ணாடியில பார்த்தா அவ மூஞ்சிதான் தெரியும், முடி பறந்துக்கிட்டு. சந்தோஷமான நாளு தம்பி அதெல்லாம்.

உங்களுக்கு மாப்பிள்ளை அழைப்பு தெரியும்ல? கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், கோயில்லேருந்து மண்டபத்துக்கு மாப்பிள்ளையைத் திறந்த வண்டியில உட்கார வச்சு, மேளதாளத்தோட ஊர்வலம். இந்தப் பக்கத்துல திறந்த வண்டி எங்ககிட்ட ஒண்ணுதான். யார் வந்து கேட்டாலும் அப்பா இல்லைன்னு சொன்னதில்லை. வாடகை கிடையாது. ஆனா ஒரு வழக்கம் வச்சிருந்தாரு. போற வழியில வண்டி எங்க வாசல்ல நிக்கணும். எங்க வீட்டுப் பொண்ணு வந்து ஆரத்தி எடுத்து, மாப்பிள்ளை நெத்தியில பொட்டு வச்சு, அதே விரலால பானெட் மேலயும் ஒரு பொட்டு வைக்கணும். அதுக்கப்புறம்தான் வண்டி நகரும். அம்மா இல்லாத வீடு எங்க வீடு. அதனால வல்லிதான். சுமங்கலிதானே எடுக்கணும்னு யாரோ இழுத்தாங்க. "என் வீட்டு லட்சுமி எடுக்கறா. பிடிக்கலேன்னா மாட்டு வண்டியில போங்க"ன்னுட்டாரு.

இப்படி ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைக்கெல்லாம் எங்க வல்லி பொட்டு வச்சா. அவளுக்கு மட்டும் அமையலை. ஏன் அமையலைன்னா, வந்தவங்க சரியில்லை. கரூர்லேருந்து ஒருத்தன் வந்தான், நல்ல இடம்னாங்க. வண்டியில ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன். இறங்கினவன் கதவை டமார்னு சாத்தினான். வண்டிக் கதவைச் சாத்தத் தெரியாதவன் பொண்டாட்டியை எப்படி வச்சுப்பான்? அப்பாகிட்ட, பையன் முன்கோபின்னு சொல்லிட்டேன். லால்குடிக்காரன் ஒருத்தன் சீட்டுல காலைத் தூக்கி வச்சான். அவனும் வேண்டாம்னுட்டேன். அண்ணன்னு இருக்கறது எதுக்கு? நான் பார்க்காம வேற யார் பார்ப்பா?

அப்புறம்தான் உங்க அப்பா.

எழுபத்திமூணுல டாப்பு பாதி மடிஞ்சு அப்படியே நின்னுபோச்சு. ஊர்ல ஒரு மெக்கானிக்குக்கும் புரியலை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஒரு பையன் இருக்கான், எதைக் கொடுத்தாலும் பிரிச்சுச் சேர்த்துடுவான்னாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை சைக்கிள்ள வந்தாரு, ஒல்லியா, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு. டாப்பு ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சரியாப் போச்சு. ஆனா அவரு ஏழு ஞாயித்துக்கிழமை வந்தாரு. மீதி அஞ்சு எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? வல்லி காபி கொண்டாருவா. அவரு வண்டிக்கு அடியில படுத்துக்கிட்டே, "இந்த நட்டு கொஞ்சம் லூஸா இருக்குங்க"ம்பாரு. எந்த நட்டும் லூஸா இல்லை. நான் பார்த்துட்டேன்.

நல்ல மனுஷன். இல்லைன்னு சொல்ல மாட்டேன். கதவை எப்படிச் சாத்துவாரு தெரியுமா? உள்ளங்கையை வச்சு, தொட்டில் குழந்தை எந்திரிச்சிடுமோங்கற மாதிரி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு, இவன் மேல என்ன குத்தம் சொல்றதுன்னு... அப்படி இல்லை. பொறுப்புன்னு ஒண்ணு இருக்கில்லையா, அதைச் சொல்றேன்.

ஆனி மாசம், குடோன் வாசல்ல நின்னு எங்கிட்ட கேட்டாரு. "அண்ணே, அப்பாகிட்ட வந்து பேசலாமா? வல்லிக்கும் சம்மதம். நீங்க ஒரு வார்த்தை முதல்ல சொல்லி வச்சீங்கன்னா நல்லா இருக்கும்." நான் சொல்றேன், அதுவரைக்கும் நீங்க இந்தப் பக்கம் வராதீங்கன்னேன். வல்லிகிட்டயும் சொன்னேன், அப்பாகிட்ட நான் பேசறேன், நீ வாயைத் திறக்காதேன்னு. தலையை ஆட்டினா. அண்ணன் சொன்னா அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆடியில பேசக் கூடாது. ஆவணியில அப்பாவுக்குக் காய்ச்சல். புரட்டாசியில யாராவது பேசுவாங்களா? நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன் தம்பி, சத்தியமா. ஐப்பசியில உங்க அப்பா ஒர்க்‌ஷாப் வாசல்ல என்னை மடக்கிட்டாரு. அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலை, வீட்டுல வேற பொண்ணு பார்க்கறாங்க, என்ன ஆச்சுன்னாரு. நான் சொன்னேன், அப்பாவுக்கு இஷ்டம் இருக்கற மாதிரி தெரியலைன்னு. கவனிங்க, இஷ்டம் இல்லைன்னு சொல்லலை. இருக்கற மாதிரி தெரியலைன்னுதான் சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கில்லையா? அவரு விடாம மறுபடி வந்து கேட்டிருக்கலாம். கேட்கலை. சைக்கிளைத் தள்ளிக்கிட்டே போனாரு. ஏறி மிதிக்கக்கூட இல்லை.

அடுத்த வைகாசியில ஒரு பெரியவர் பத்திரிகையோட வந்தாரு. உங்க அம்மாவோட அப்பா. மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேணும்னாரு. பிரிச்சுப் பார்த்தேன், உங்க அப்பா பேரு. மாட்டேன்னு சொல்லியிருக்கலாம். ஆனா இல்லைன்னு சொல்ற வழக்கம் எங்க வீட்டுல இல்லையே. சரின்னுட்டேன். பத்திரிகையை வண்டி டேஷ்போர்டுல போட்டுப் பூட்டிட்டேன். எதுக்கு அவளுக்கு வீண் வருத்தம்?

அன்னிக்குக் காலையிலேருந்து வல்லிதான் வண்டிக்குப் பூ கட்டினா. எப்பவும் அவதான். "இன்னிக்கு யாருண்ணே மாப்பிள்ளை?"ன்னா. யாரோ, பொன்மலைப் பக்கம்னேன். கை ஒரு நிமிஷம் நின்னுது. அப்புறம் விட்ட இடத்துலேருந்து கட்டினா. அவ்வளவு அழகா அந்த வண்டி என்னிக்கும் இருந்ததில்லை.

சாயங்காலம் உங்க அப்பா கோட்டு போட்டுக்கிட்டு வந்து ஏறினாரு. கதவை நான்தான் திறந்தேன். என் மூஞ்சியைப் பார்க்கலை. "அண்ணே, உங்க வாசல் வழியா வேண்டாம்"னு மெதுவாச் சொன்னாரு. மேளச் சத்தத்துல எனக்குச் சரியாக் கேட்கலை. கேட்டிருந்தாலும் என்ன பண்றது? முன்னாடி மேளக்காரங்க, பெட்ரோமாக்ஸ் விளக்கு, சொந்தக்காரங்க எல்லாம் போறாங்க. வழக்கமான வழி அது.

வாசல் வந்துச்சு. நிறுத்தினேன்.

நிறுத்தாமப் போயிருக்கலாமேன்னு நீங்க மனசுக்குள்ள நினைக்கறீங்க. தெரியுது. வழக்கம் தம்பி. அப்பா வச்ச வழக்கம். அதை மாத்தறதுக்கு நான் யாரு?

தட்டோட வந்தா. சிவப்புத் தண்ணி, நடுவுல வெத்தலை, கற்பூரம் எரியுது. ஸ்டியரிங் இடது பக்கம்னு சொன்னேன்ல? அதனால நான்தான் அவளுக்குப் பக்கத்துல. எனக்குப் பின்னாடி உங்க அப்பா. ஒரு நொடி அவரைப் பார்த்தா. அவ்வளவுதான். மூணு சுத்து சுத்தற வரைக்கும் என்னையேதான் பார்த்தா. ஒரு சொட்டு சிந்தலை. அவரு நெத்தியில பொட்டு வச்சா. அப்புறம் அதே விரலோட பானெட் பக்கம் போகணும். போகலை. என் நெத்தியில வச்சா. வச்சுட்டு உள்ள போயிட்டா.

அண்ணன்ங்கற பாசம்தானே? வேற என்ன இருக்க முடியும். நான் அன்னிக்கு அழுதேன் தம்பி. தெருவே தெரியலை எனக்கு, கண்ணு மறைச்சுடுச்சு. மண்டபம் வரைக்கும் எப்படி ஓட்டினேன்னே தெரியாது.

மறுநாள் காலையில பூவெல்லாம் பிரிச்சுக்கிட்டு இருக்கேன். வந்தா. "அண்ணே, அப்பாகிட்ட சொன்னியா?" சொன்னேன்னேன். நேரா உள்ள போய் அப்பாவைக் கேட்டிருக்கா. திரும்பி வெளியில வரலை. அப்பாதான் வந்தாரு. வண்டியை ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. "வண்டியை நீயே வச்சுக்கடா. இது உனக்குத்தான்"னாரு. நாலு பேர் சாட்சி இல்லைதான், ஆனா அவரு வாயாலேயே கொடுத்தாரு. நான் கேட்கலை. மனசார கொடுத்தாரு. அதுக்கப்புறம் அவரு இந்த வண்டியில ஏறவே இல்லை, வயசாயிடுச்சு இல்லையா. அடுத்த வருஷம் போயிட்டாரு.

அதுலேருந்து அவ என்னை அண்ணேன்னு கூப்பிடலை. சாப்பாடு இருக்குன்னுவா, மழை வருதுன்னுவா. அண்ணேங்கறது மட்டும் வராது. கிட்டத்தட்ட அம்பது வருஷம். நானும் கல்யாணம் பண்ணிக்கலை, தெரியுமா? தங்கச்சி வீட்டுல இருக்கும்போது நான் எப்படிப் பண்ணிக்கறது? அதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க.

ஆனா ஆரத்தி எடுக்கறதை அவ விடலை. எந்தக் கல்யாணம்னாலும் தட்டோட வந்து நிப்பா. எனக்குப் பொட்டு வச்சது அந்த ஒரு தடவைதான், அப்புறமெல்லாம் பானெட்டுக்குத்தான். எண்பத்தஞ்சு வாக்குல ஒரு பொண்ணு வீட்டுக்காரங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, "உங்க வாசல்ல நிறுத்த வேண்டாம், கல்யாணம் ஆகாத பொம்பளை கையால ஆரத்தி வேண்டாமே"ன்னாங்க. அவங்க மனசு கோணக் கூடாதேன்னு சரின்னுட்டேன். அன்னிக்கு வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தா. கற்பூரம் ஏத்திட்டா. நான் நேராப் பார்த்துக்கிட்டே போயிட்டேன். கண்ணாடியில தெரிஞ்சுது, தட்டு, அந்த நெருப்பு, அவ. சின்னதாகிக்கிட்டே போச்சு. அடுத்த கல்யாணத்துக்கும் வந்து நின்னா. அதுக்கும் நிறுத்தலை. மூணாவது தடவை வாசல் காலியா இருந்துச்சு.

வழக்கம்னா காலத்துக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாறத்தான் செய்யும், இல்லையா?

என்ன? ஆமா, நான்தான் முன்னாடி சொன்னேன், மாத்தறதுக்கு நான் யாருன்னு. அது வேற தம்பி. இது வேற.

அப்புறம் தினமும் சாயங்காலம் குடோனுக்குள்ள போய் வண்டியில உட்காருவா. பின் சீட்டு, இடது ஓரம். விளக்கு வைக்கற நேரம் ஆனதும் எந்திரிச்சு, சீட்டு மேல போடற துணியை நாலா மடிச்சு வச்சுட்டு வருவா. வேற எங்கேயும் போக மாட்டா. வண்டியும் போறதை நிறுத்திடுச்சு, ஊர்ல வேற வண்டிங்க வந்தாச்சு.

அவ போய்ச் சேர்ந்த இந்த ரெண்டு வருஷமா நான் சீட்டு முழுக்கத் துணியைப் போர்த்திவிட்டு குடோனைப் பூட்டறேன். மறுநாள் காலையில பத்து மணிக்கு இஞ்சினை ஓடவிடப் போவேன். இடது பக்கத் துணி மட்டும் மடிச்சிருக்கும். எலின்னாங்க. எலி துணியை நாலா மடிக்குமா தம்பி? வண்டி வேற பின்னாடி இடது பக்கம் இறங்கி நிக்குது. ஸ்பிரிங்கை ரெண்டு தடவை மாத்தியாச்சு. மெக்கானிக் தலையைச் சொறியறான், "ஐயா, ஆள் உட்கார்ந்திருந்தாத்தான் இப்படி இறங்கும்"கறான். நான் மேல இருக்கிற கண்ணாடியை மேல்பக்கமாத் திருப்பி வச்சுட்டேன். இப்ப அதுல குடோன் ஓடுதான் தெரியும். ஆனா இஞ்சின் ஓடற பத்து நிமிஷமும் என் முதுகு... பயம் இல்லை. தங்கச்சிதானே. நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணுதான். அண்ணேன்னு ஒரு தடவை கூப்பிட்டுட்டா என்ன?

சரி, கொடுங்க அந்தப் போட்டோவை. இருங்க, கண்ணாடியை எடுத்துட்டு வந்துடறேன்.

...

எங்க வாசல்தான். அதோ பாருங்க, பழைய தூண். மேளக்காரர் ஒருத்தர் முதுகு தெரியுது. இதுதான் உங்க அப்பா. குனிஞ்சுட்டாரு, மூஞ்சி தெரியலை. இது வல்லி. பொட்டு வச்ச விரல் இன்னும் கீழ இறங்கலை பாருங்க, என் மூஞ்சிக்கு நேரா நிக்குது.

இது நான்.

தம்பி, உங்க கண்ணு நல்ல கண்ணு. நீங்க பார்த்துச் சொல்லுங்க. இவன் அழறானா?

இல்லை. எனக்கே தெரியுது. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, நெத்தியில பொட்டோட, பல்லு அத்தனையும் தெரியச் சிரிக்கறேன். இந்தப் படத்துல மாப்பிள்ளை யாருன்னு தெரியாத ஆளைக் கேட்டா என்னைத்தான் கை காட்டுவான். இதையா உங்க அப்பா அம்பது வருஷம் பீரோவுல வச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தாரு? இதையா அவளும் அந்தச் சீட்டுல உட்கார்ந்து தினமும்...

அழுதேன்னுதான் தம்பி நினைச்சுக்கிட்டு இருந்தேன். இத்தனை வருஷமும்.

விலையைப் பத்திப் பேசாதீங்க. உட்காருங்க. இந்தாங்க சாவி. பிடிங்கன்னா பிடிங்க. அது என் வண்டி இல்லை. அது எந்த வீட்டுக்குப் போகணும்னு வண்டி வந்த அன்னிக்கே தெருவுக்கு முன்னாடி சொல்லியாச்சு. நான்தான் நடுவுல உட்கார்ந்துட்டேன். உங்க அப்பா வீட்டுலயே கொண்டுபோய் நிறுத்துங்க. பின் சீட்டுல யாரையும் ஏத்திக்க வேண்டாம். அந்தக் கண்ணாடியை மட்டும் சரியாத் திருப்பி வச்சுக்கங்க, பின்னாடி தெரியணும்.

நான் ஓட்டலை. நீங்க ஓட்டுங்க. இஞ்சின் சூடாகப் பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள எனக்கு ஒரு வேலை இருக்கு. அடுக்களையில மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கும், தட்டு அவ வச்ச இடத்துலயே இருக்கு. கற்பூரம் இருக்கான்னு பார்க்கணும். ஆம்பளை எடுக்கலாமான்னு கேட்காதீங்க, இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?

நான் தட்டோட வாசல்ல நிப்பேன். நிறுத்தாம மட்டும் போயிடாதீங்க தம்பி.